இரண்டு மோட்டார் ராக் கிராலர்: முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு?

ரிமோட் கார் என்றதும் எல்லோருக்கும் வேகம்தான் நினைவுக்கு வரும். ராக் கிராலர் அதற்கு நேர் எதிரான வண்டி. நாம் நடக்கும் வேகத்தில் பாதிகூட இருக்காது, ஆனால் தன் டயரைவிட உயரமான பாறையில் அங்குலம் அங்குலமாக ஏறி, மேலே நின்று, திரும்பி, மறுபக்கம் இறங்கும். இதில் இரண்டு மோட்டார் வைத்த வகை ஒன்று உண்டு. முன் ஆக்சில், அதாவது முன் சக்கரங்களை இணைக்கும் அச்சு, அதன் மீது ஒரு மோட்டார், பின் ஆக்சில் மீது இன்னொன்று. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதை எம்ஓஏ என்பார்கள், அதாவது மோட்டார் ஆக்சிலிலேயே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் பொருள்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது, "இரண்டு மோட்டார் என்றால் இரண்டு மடங்கு பவரா?" என்பது. பவருக்காக யாரும் இதைச் செய்வதில்லை. ஒரு நல்ல மோட்டாரும் கியரும் இருந்தாலே இரண்டு மூன்று கிலோ வண்டியைச் சுவர் மாதிரியான பாறையில் ஏற்றிவிடலாம். இரண்டாவது மோட்டார் தருவது வேறொன்று: முன் சக்கரங்களுக்கு ஒரு கட்டளை, பின் சக்கரங்களுக்கு வேறு கட்டளை கொடுக்கும் சுதந்திரம். அந்தச் சுதந்திரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் மோட்டார் கட்டுப்பாடு. அது புரியாமல் இரண்டு மோட்டாரை வாங்கி மாட்டினால் செலவும் சூடும்தான் இரட்டிப்பாகும்.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் டாமியா நிறுவனம் 1987-ல் கிளாட் பஸ்டர் என்ற பெரிய டயர் டிரக் ஒன்றை வெளியிட்டது. இரண்டு ஆக்சில், ஒவ்வொன்றின் மீதும் ஒரு 540 அளவு மோட்டார், நான்கு சக்கரமும் திரும்பும். அது பாறை ஏறுவதற்காகச் செய்யப்பட்ட வண்டியே இல்லை. ஆனால் அமெரிக்காவில் பாறை ஏறும் விளையாட்டு சூடு பிடித்தபோது, அந்த ஆக்சிலை மட்டும் கழற்றி எடுத்து, நடுவில் தாங்களே ஒரு சட்டத்தைக் கட்டி கிராலர் செய்தவர்கள் ஏராளம். பிறகு போட்டிக்கென்றே ஆக்சியல் நிறுவனத்தின் எக்ஸ்ஆர்10 போன்ற எம்ஓஏ வண்டிகள் வந்தன. இன்று சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் கிராலர்களில் பெரும்பாலானவை ஒற்றை மோட்டார்தான். இரண்டு மோட்டார் என்பது போட்டிக்காரர்களும் தாங்களே வண்டி கட்டுபவர்களும் அதிகம் விரும்பும் பாதை.

ஒற்றை மோட்டார் வண்டியில் மோட்டார் நடுவில் இருக்கும். அதிலிருந்து கியர்பாக்ஸ், அங்கிருந்து முன்னும் பின்னும் சுழற்சியைக் கொண்டுபோகும் இரண்டு தண்டுகள், அதாவது டிரைவ் ஷாஃப்ட். முன் சக்கரமும் பின் சக்கரமும் இரும்பால் கட்டிப் போட்ட மாதிரி ஒன்றாகவே சுற்றும். ஷாஃப்ட் முறுக்கும்போது சட்டம் ஒரு பக்கமாகச் சாயும் தொல்லையும் உண்டு. எம்ஓஏ-வில் ஷாஃப்டே இல்லை, அந்தச் சாய்வும் இல்லை, எடையும் தரையோடு தரையாகக் கீழே இறங்கிவிடுகிறது. ஒன்றை மறக்க வேண்டாம்: ஒரே ஆக்சிலில் இருக்கும் இடது வலது சக்கரங்கள் கிராலரில் பெரும்பாலும் சேர்த்துப் பூட்டப்பட்டிருக்கும், இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் வேலை செய்யாது. எனவே நம் கையில் இருக்கும் ஒரே பங்கீடு முன்னுக்கும் பின்னுக்கும் இடையில்தான்.

முதலில் மோட்டாரைப் புரிந்துகொள்வோம்

இந்த ஒரு பகுதி மட்டும் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பிரஷ் மோட்டார் ஒன்றுக்கு நாம் கொடுப்பது வோல்ட்டேஜ். அது எடுத்துக்கொள்வது கரண்ட். வோல்ட்டேஜ் வேகத்தைத் தீர்மானிக்கிறது, சுமை கரண்ட்டைத் தீர்மானிக்கிறது, கரண்ட்தான் டார்க், அதாவது சக்கரத்தைத் திருகும் பலம். சுற்றும் மோட்டார் தானே ஒரு ஜெனரேட்டராகவும் வேலை செய்து, நாம் கொடுக்கும் வோல்ட்டேஜுக்கு எதிராக ஒரு வோல்ட்டேஜை உண்டாக்குகிறது. வேகம் கூடக் கூட அந்த எதிர் வோல்ட்டேஜும் கூடும். நாம் கொடுத்ததில் அது போக மிஞ்சுவதுதான் மோட்டாரின் கம்பிச்சுற்று வழியாகக் கரண்ட்டைத் தள்ளும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். புரிவதற்காக வட்டமான எண்களாக எடுத்துக்கொள்கிறேன்: வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றும் மோட்டார், அதன் கம்பிச்சுற்றின் மின்தடை 0.2 ஓம். 3 செல் லைப்போ பேட்டரி, ஏறக்குறைய 12 வோல்ட். ரிமோட்டில் வேகத்தைக் கூட்டும் விசையான த்ராட்டிலைப் பாதி அழுத்தினால் மோட்டாருக்குச் சராசரியாக 6 வோல்ட் போகும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியான இஎஸ்சி, மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை போட்டு அணைத்து அந்தச் சராசரியைக் கொண்டுவருகிறது. சக்கரம் காற்றில் சும்மா சுற்றினால் மோட்டார் 1 ஆம்பியர் எடுக்கும் என்று வையுங்கள். கம்பிச்சுற்றில் இழப்பு 0.2 வோல்ட், மீதி 5.8, வேகம் 5800. இப்போது சக்கரம் பாறையைப் பிடித்து ஏறுகிறது, 10 ஆம்பியர் தேவைப்படுகிறது. இழப்பு 2 வோல்ட், மீதி 4, வேகம் 4000. மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே 40-க்கு 1 கியர், 130 மி.மீ. டயர் என்றால் இது மணிக்கு இரண்டரை கிலோமீட்டர். சக்கரம் முழுக்க மாட்டிக்கொண்டு நின்றுவிட்டால் எதிர் வோல்ட்டேஜே கிடையாது. 6-ஐ 0.2-ஆல் வகுத்தால் 30 ஆம்பியர். 6 வோல்ட், 30 ஆம்பியர் என்றால் 180 வாட், அவ்வளவும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு மோட்டாருக்குள் சூடாக மாறுகிறது. 25 வாட் சால்டரிங் அயர்ன் ஏழு சேர்ந்து எரிகிற மாதிரி. வண்டி மாட்டிக்கொண்டால் த்ராட்டிலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது என்று அனுபவசாலிகள் கத்துவது இதற்காகத்தான்.

கிராலர் மோட்டார் மீது 35டி, 45டி, 55டி என்று எழுதியிருப்பார்கள். அது உள்ளே இருக்கும் கம்பியின் சுற்று எண்ணிக்கை. எண் கூடினால் வோல்ட்டுக்கான வேகம் குறையும், ஒவ்வொரு ஆம்பியருக்கும் கிடைக்கும் டார்க் கூடும். கிராலருக்கு எண் கூடியதுதான் நல்லது. இதைப் பற்றி இதற்குமேல் அலச வேண்டியதில்லை.

ஒரே இஎஸ்சி-யில் இரண்டு மோட்டார்

மிக எளிய வழி, இரண்டு மோட்டாரையும் ஒரே இஎஸ்சி-யோடு இணைப்பது. இங்கேயே முதல் தேர்வு வந்துவிடுகிறது: பக்க இணைப்பா, தொடர் இணைப்பா? பள்ளியில் பல்பை வைத்துப் படித்த அதே பாடம்தான், ஆனால் பாறையில் அதன் விளைவு வேறு மாதிரி தெரியும்.

பக்க இணைப்பில் இரண்டு மோட்டாருக்கும் முழு வோல்ட்டேஜ் கிடைக்கும். மேலே சொன்ன அதே எண்களை எடுங்கள். முன் சக்கரங்கள் பாறை விளிம்பைத் தாண்டிக் காற்றில் தொங்குகின்றன, பின் சக்கரங்கள் வண்டியைத் தள்ளியாக வேண்டும். முன் மோட்டார் 1 ஆம்பியர் எடுத்துக்கொண்டு 5800-ல் சும்மா சுற்றும், பின் மோட்டார் 10 ஆம்பியர் எடுத்துக்கொண்டு 4000-ல் தள்ளும். ஒன்று சும்மா சுற்றுவதால் மற்றதற்கு எந்த நஷ்டமும் இல்லை.

தொடர் இணைப்பில் இரண்டு மோட்டார் வழியாகவும் ஒரே கரண்ட்தான் ஓடும், வோல்ட்டேஜ் இரண்டுக்கும் பங்கிடப்படும். சமதரையில் ஆளுக்கு 3 வோல்ட், வண்டி பாதி வேகத்தில் சாந்தமாகப் போகும், கட்டுப்பாடு நன்றாக இருப்பதாகவே தோன்றும். இப்போது முன் சக்கரம் காற்றில் தொங்கட்டும். முன் மோட்டாருக்குச் சுமை இல்லை, சட்டென வேகம் ஏறுகிறது, அதன் எதிர் வோல்ட்டேஜும் ஏறுகிறது, 6 வோல்ட்டில் 5.6-ஐ அது ஒன்றே விழுங்கிவிடுகிறது. சுற்றில் ஓடுவது 1 ஆம்பியர் மட்டும். பின் மோட்டாருக்குத் தேவை 10, கிடைப்பது 1. முன் சக்கரம் வெறித்தனமாகச் சுற்ற, பின் சக்கரம் அசையாமல் நிற்கும். எங்கே இழுவை தேவையோ அங்கே போகாமல், எங்கே தேவையில்லையோ அங்கே எல்லாம் போய்விடுகிறது.

எனவே பாறைக்குப் பக்க இணைப்புதான். வேகத்தைக் குறைக்க ஆசைப்பட்டுத் தொடர் இணைப்புக்குப் போவதைவிட, 55டி மோட்டார் போடுங்கள் அல்லது மோட்டார் முனையில் மாட்டும் சின்னப் பல்சக்கரமான பினியனைப் பல் குறைந்ததாகப் போடுங்கள். ஒரே இஎஸ்சி என்றால் அதன் தாங்குதிறனையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு மோட்டாரும் ஒன்றாக மாட்டிக்கொண்டால் 30-ம் 30-ம் சேர்ந்து 60 ஆம்பியர் அந்த ஒரு பெட்டி வழியாகப் போகும், அதுவும் பாதி த்ராட்டிலிலேயே.

இன்னொரு சங்கதி, புதியவர்களை ரொம்பக் குழப்புவது. கிளாட் பஸ்டர் மாதிரி வண்டிகளில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே அமைப்பு, பின்னதை அப்படியே திருப்பிப் போட்டிருப்பார்கள். அதனால் வண்டி முன்னே போக ஒரு மோட்டார் நேராகவும் மற்றது தலைகீழாகவும் சுற்ற வேண்டும். ஒரு மோட்டாரின் இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்தால் திசை சரியாகிவிடும், ஆனால் கதை அங்கே முடிவதில்லை. வேகத்துக்காகச் செய்யப்பட்ட மோட்டார்களில் பிரஷ் உட்காரும் கோணத்தை ஒரு திசைக்குச் சாதகமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்திருப்பார்கள், அதைத்தான் டைமிங் என்பது. அப்படிப்பட்ட மோட்டார் இரண்டை மாட்டினால் ஒன்று சாதகமான திசையிலும் மற்றது எதிர்த்திசையிலும் ஓடும். வேகம் ஒத்துப் போகாது, எதிர்த்திசையில் ஓடுவது பிரஷ்ஷில் பொறி கக்கிச் சூடாகும். டைமிங் பூஜ்யமாக உள்ள மோட்டாரைக் கேட்டு வாங்குங்கள், அல்லது பின்மூடியைத் தளர்த்தித் திருப்பக்கூடிய மோட்டாராக இருந்தால் இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இரண்டு இஎஸ்சி: இங்கேதான் சுவாரஸ்யம் ஆரம்பம்

மோட்டாருக்கு ஒன்றாக இரண்டு இஎஸ்சி வைத்து, முன்னதை ரிசீவரின் 2-ஆம் சேனலிலும் பின்னதை 3-ஆம் சேனலிலும் செருகினால் முன்னும் பின்னும் தனித்தனி ஆகிவிடும். ஆனால் நம் விரலில் ஒரே த்ராட்டில்தான் உண்டு. 2-ஆம் சேனலுக்குப் போகும் கட்டளையை 3-ஆம் சேனலுக்கும் பிரதி எடுத்து அனுப்பும் வேலை டிரான்ஸ்மிட்டருடையது, அதாவது கையில் இருக்கும் ரிமோட்டுடையது, இதைத்தான் மிக்ஸிங் என்பார்கள். ஃபுடாபா 4பிஎல் போன்ற டிரான்ஸ்மிட்டர்களில் கிராலருக்கென்றே இரட்டை இஎஸ்சி மிக்ஸிங் கொடுத்திருந்தார்கள். உங்களிடம் இருப்பதில் அந்தப் பெயரில் இல்லாவிட்டாலும், ஒரு சேனலை இன்னொன்றுக்கு மிக்ஸ் செய்யும் வசதியும், அதன் அளவை ஒரு சுவிட்சிலோ சுழல் குமிழிலோ மாற்றும் வசதியும் இருந்தால் போதும்.

100 சதவீதம் மிக்ஸ் என்றால் இரண்டும் ஒன்றாக ஓடும். பின்னுக்கு 90 என்று வைத்தால் முன் ஆக்சில் சற்று வேகமாக ஓடும், இதுதான் ஓவர்டிரைவ். எதற்கு இது? ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன் சக்கரம் பெரிய வட்டத்திலும் பின் சக்கரம் சின்ன வட்டத்திலும் போகின்றன. சக்கரத்தை 30 டிகிரி திருப்பினால் முன் ஆக்சில் போக வேண்டிய தூரம் பின்னதைவிட ஏறக்குறைய 15 சதவீதம் அதிகம், 45 டிகிரிக்கு 41 சதவீதம் அதிகம். ஒற்றை மோட்டார் வண்டியில் முன்னும் பின்னும் கட்டிப் போட்டிருப்பதால் திருப்பத்தில் பின் சக்கரம் வண்டியை நேராகத் தள்ளிக்கொண்டே இருக்கும், டயர் வழுக்கித்தான் அந்த வித்தியாசம் தீர வேண்டும். முன்னை வேகமாக வைத்தால் முன்பக்கம் வண்டியை வளைவுக்குள் இழுத்துக்கொள்ளும்.

சரி, ஆனால் நேராகப் போகும்போது 10 சதவீத வித்தியாசம் என்ன செய்யும்? இரண்டு ஆக்சிலும் தரையில் ஒரே வேகத்தில் உருண்டுதானே ஆக வேண்டும்? நம் கணக்கையே எடுப்போம். முன்னுக்கு 6 வோல்ட், பின்னுக்கு 5.4. வண்டியை நகர்த்த மொத்தம் 7 ஆம்பியர் தேவை. இரண்டு மோட்டாரும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் எதிர் வோல்ட்டேஜ் இரண்டிலும் ஒன்றுதான், கணக்குப்படி அது 5 வோல்ட் வருகிறது. முன்னில் மிஞ்சுவது 1 வோல்ட், அதாவது 5 ஆம்பியர். பின்னில் மிஞ்சுவது 0.4 வோல்ட், 2 ஆம்பியர். இரண்டுக்கும் 6 வோல்ட் கொடுத்திருந்தால் ஆளுக்கு மூன்றரை வந்திருக்கும். பாருங்கள், வோல்ட்டேஜில் பத்தே சதவீதம் மாற்றியதற்கு உழைப்பில் முன்னது பின்னதைப்போல இரண்டரை மடங்கு ஆகிவிட்டது. ஓவர்டிரைவை வேகத்தை மாற்றும் குமிழாக எண்ணுவதை விட்டுவிட்டு, சுமையை முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளும் குமிழாக எண்ணிப் பாருங்கள், வண்டி செய்வது எல்லாம் விளங்கும்.

இதே 90 சதவீதம் மெதுவாக ஊரும்போது வேறு விளைவு தரும். முன்னுக்கு 2 வோல்ட், பின்னுக்கு 1.8, அதே 7 ஆம்பியர் சுமை. இப்போது பங்கு 4-க்கு 3. அதாவது த்ராட்டில் குறையக் குறைய ஓவர்டிரைவின் வேலையும் குறைகிறது. மேசை மேல் த்ராட்டிலை நன்றாக அழுத்திப் பார்த்து "முன்னது ரொம்ப வேகமாக இருக்கிறதே" என்று பயந்து குறைத்தவர்கள், பாறையில் ஊரும்போது பலனே தெரியவில்லை என்று குழம்புவது இதனால்தான். மிக்ஸிங் அளவைப் பாறையில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரிவில் என்ன நடக்கிறது

ஏறும்போது எடை பின்னுக்குப் போகும் என்பது தெரிந்ததுதான், எவ்வளவு என்பதைப் பார்த்தால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 300 மி.மீ., எடை மையம் தரையிலிருந்து 90 மி.மீ. உயரத்தில், சமதரையில் எடை முன்னே 60, பின்னே 40 என்று கட்டிய வண்டி. 45 டிகிரி சரிவில் ஏறும்போது 30 சதவீதப் புள்ளி பின்னுக்கு நகர்ந்துவிடும். முன்னே 30, பின்னே 70. அதே சரிவில் இறங்கும்போது முன்னே 90, பின்னே வெறும் 10. கிராலர்காரர்கள் முன் டயருக்குள் ஈயக் கட்டி ஒட்டுவதும், பேட்டரியை மூக்கு வரை தள்ளி வைப்பதும் இதற்காகத்தான். முன்னே எடை இல்லாவிட்டால் ஓவர்டிரைவ் எவ்வளவு வைத்தாலும் முன் டயர் பாறையைத் தேய்க்குமே தவிர இழுக்காது.

இங்கே டிராக் பிரேக் வருகிறது. த்ராட்டிலிலிருந்து விரலை எடுத்ததும் இஎஸ்சி மோட்டாரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும். சக்கரம் மோட்டாரைச் சுற்ற முயலும்போது மோட்டார் ஜெனரேட்டராகி, தன் கரண்ட்டாலேயே தன்னைத் தடுத்துக்கொள்ளும். கிராலரில் இதை 100 சதவீதம் வைப்பது வழக்கம். ஹாபிவிங் 1080 போன்ற பிரஷ் இஎஸ்சி-களில் இதன் அளவை மாற்ற முடியும். ஆனால் ஒன்று, இந்தத் தடை சுற்றினால்தான் பிறக்கும். அசையாமல் இருக்கும் மோட்டாரில் தடையே இல்லை. அதனால் செங்குத்தான சரிவில் நிறுத்தினால் வண்டி மிக மெதுவாக நழுவிக்கொண்டே இருக்கும். இஎஸ்சி பழுது என்று நினைத்துவிடாதீர்கள். கியர் விகிதத்தைக் கூட்டினால் நழுவல் குறையும், ஏனென்றால் சக்கரம் கொஞ்சம் நகர்ந்தாலே மோட்டார் நிறையச் சுற்றும், தடையும் உடனே பிறக்கும். கீழே இறங்கும்போது எடையில் 90 பங்கு முன்னே இருப்பதால் வண்டியைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் முன் டிராக் பிரேக்தான், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

டிக்

இரண்டு இஎஸ்சி வைப்பதற்கு முதல் காரணமே இதுதான் என்பேன். அமெரிக்காவின் ரிமோட் கிராலர் சங்கமான யூஎஸ்ஆர்சிசிஏ விதிப்படி நடக்கும் போட்டிகளில் பாறைமேல் கதவு மாதிரி குச்சிகளை நட்டு வைத்திருப்பார்கள், அவற்றின் நடுவே வண்டியை ஓட்ட வேண்டும். குச்சியைத் தொட்டால் புள்ளி, ரிவர்ஸ் எடுத்தாலும் புள்ளி, புள்ளி குறைவாக வாங்கியவர் ஜெயிப்பார். குறுகிய திருப்பத்தில் ரிவர்ஸ் எடுக்காமல் திரும்ப நல்ல வழி, பின் சக்கரத்தைப் பூட்டிவிட்டு முன் சக்கரத்தால் மூக்கை இழுத்துத் திருப்புவது. அதுதான் டிக்.

ஒற்றை மோட்டார் வண்டியில் டிக் செய்யக் கியர்பாக்ஸில் தனியாக ஒரு பூட்டும், அதை இழுக்க, ரிமோட் கட்டளைக்கு ஏற்பத் திரும்பும் சின்ன மோட்டார் பெட்டியான சர்வோ ஒன்றும் வேண்டும். இரண்டு இஎஸ்சி வண்டியில் எதுவும் வேண்டாம். மிக்ஸிங்கைச் சுவிட்சில் வைத்து 100-லிருந்து 0-க்கு மாற்றினால் பின் இஎஸ்சி-க்கு "நடுநிலை" என்ற கட்டளை போகும். நடுநிலை என்றால் டிராக் பிரேக், டிராக் பிரேக் என்றால் பின் சக்கரம் பிடித்துக்கொண்டது. எவ்வளவு அழகான தீர்வு பாருங்கள்! ஒரு பல்சக்கரம்கூடக் கூடுதலாக இல்லை. மூன்று நிலை சுவிட்சாக இருந்தால் நடுவில் இரண்டும், ஒரு பக்கம் முன் மட்டும், இன்னொரு பக்கம் பின் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். பின் மட்டும் என்பது, முன் சக்கரம் ஒரு விளிம்பில் ஒட்டி நிற்க, பின்னை மட்டும் மெல்லத் தள்ளி வண்டியை மடக்கிக் கொண்டுவர உதவும்.

டிக் போட்டுவிட்டு த்ராட்டிலை ஒரேயடியாக அழுத்தாதீர்கள். முன் டயர் வழுக்க ஆரம்பித்தால் பக்கவாட்டுப் பிடியும் போய்விடும், மூக்கு திரும்பாது. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பிவிட்டு, டயர் பாறையைக் கவ்வும் அளவுக்கு மட்டும் அழுத்தினால், ரப்பர் மடிந்து, மூக்கு கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் நடந்து போவது கண்ணுக்குத் தெரியும். பிரஷ் மோட்டாரில் பின் சக்கரம் கொஞ்சம் நழுவத்தான் செய்யும், இரும்புப் பூட்டு அளவுக்கு இறுக்கமாக இருக்காது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

இரண்டு இஎஸ்சி-யும் ஒரே மாடலாக இருக்கட்டும், மோட்டாரும் பினியனும்கூட. வேறு வேறாக வைத்து டிரான்ஸ்மிட்டரில் சரிக்கட்டலாம் என்பவர்கள் உண்டு, ஆரம்பத்தில் அந்த வம்பு வேண்டாம். பெரும்பாலான இஎஸ்சி-களுக்குள் ரிசீவருக்கும் ஸ்டீயரிங் சர்வோவுக்கும் கரண்ட் தரும் பிஇசி என்ற பகுதி இருக்கும். இரண்டு பிஇசி ஒரே ரிசீவருக்குள் மின்சாரத்தை ஊட்டினால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், எனவே ஒரு இஎஸ்சி-யின் பிளக்கிலிருந்து நடு சிவப்பு வயரை மட்டும் உருவி டேப் சுற்றி விடுங்கள். கிராலர் சர்வோ பாறையில் சிக்கிய சக்கரத்தைத் திருப்ப நிறையக் கரண்ட் இழுக்கும். ஸ்டீயரிங் திருப்பும்போது வண்டி நடுங்கினாலோ ரிசீவர் அணைந்து எரிந்தாலோ, தனி பிஇசி ஒன்று வாங்கிப் போட்டு, இரண்டு சிவப்பு வயரையுமே உருவிவிடுவது நல்லது.

அடுத்து, ரிவர்ஸ் முறை. சாதாரண கார் இஎஸ்சி-யில் பின்னால் தள்ளினால் முதலில் பிரேக், விட்டுத் திரும்பத் தள்ளினால்தான் ரிவர்ஸ். கிராலர் முறையில் உடனே ரிவர்ஸ். ஒன்று அந்த முறையிலும் மற்றது இந்த முறையிலும் இருந்தால் ஒரு ஆக்சில் பின்னே இழுக்கும், இன்னொன்று பிடித்து நிறுத்தும். இரண்டையும் ஒரே முறைக்கு மாற்றி, மிக்ஸிங் 100-ல் இருக்கும்போதே இரண்டுக்கும் த்ராட்டில் அளவீடு செய்துகொள்ளுங்கள், அதாவது நடுநிலை எது, முழு அழுத்தம் எது என்று இஎஸ்சி-க்குக் காட்டிக்கொடுங்கள்.

அப்புறம் வண்டியை ஒரு டப்பா மேல் தூக்கி வைத்து, நான்கு சக்கரமும் காற்றில் இருக்க, த்ராட்டிலை முடிந்தவரை மெதுவாக அழுத்துங்கள். எந்த ஆக்சில் முதலில் அசைகிறது என்று பாருங்கள். இரண்டும் ஒரே கணத்தில் கிளம்புவது அபூர்வம். பின்னது தாமதித்தால் 3-ஆம் சேனலின் நடுநிலையை நுணுக்கமாக நகர்த்தும் டிரிம்மை ஒரு புள்ளி, இரண்டு புள்ளி நகர்த்துங்கள். முன்னே, பின்னே இரு திசையிலும் சோதியுங்கள், ஒரு திசையில் சரி செய்தது மறு திசையில் கெட்டுப் போகலாம். இந்தச் சின்ன வேலையைச் செய்யாதவர்கள்தான் பாறை விளிம்பில் வண்டி "துள்ளுகிறது" என்று அலுத்துக்கொள்கிறார்கள். விரலுக்கு இன்னும் நுணுக்கம் வேண்டுமென்றால் டிரான்ஸ்மிட்டரில் எக்ஸ்போ என்ற அமைப்பால் த்ராட்டிலின் தொடக்கப் பகுதியை மென்மையாக்கலாம். ஆனால் இரண்டு சேனலுக்கும் அது ஒரே மாதிரி போய்ச் சேருகிறதா என்று பாருங்கள், எல்லா டிரான்ஸ்மிட்டரும் அப்படிச் செய்வதில்லை.

பிரஷ்லெஸ் போடலாமா என்பார்கள். போடலாம், ஆனால் சென்சார் இல்லாத சாதாரண பிரஷ்லெஸ் மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது தன் நிலை தனக்கே தெரியாமல் தடுமாறும். ஒன்று தடுமாறினாலே எரிச்சல், இரண்டு வெவ்வேறு கணத்தில் தடுமாறினால் ஓட்டவே முடியாது. சென்சார் உள்ளதாக வாங்குங்கள், அல்லது ஹாபிவிங் ஃப்யூஷன் மாதிரி எஃப்ஓசி முறையில், அதாவது மோட்டாரின் காந்தப்புலத்தைக் கணக்கிட்டுக் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் முறையில் இயங்கும், இஎஸ்சி-யும் மோட்டாரும் ஒரே உடலில் இருக்கும் வகையைப் பாருங்கள். எஃப்ஓசி-யில் மெதுவான ஓட்டம் பிரமாதமாக இருக்கும். ஆனால் வேகத்தை விடாப்பிடியாகக் காக்கும் கட்டுப்பாடு இரண்டு ஆக்சிலிலும் இருந்தால் ஒரு சிக்கல் உண்டு. பிரஷ் மோட்டார் சுமை வந்தால் கொஞ்சம் வளைந்துகொடுக்கும், திருப்பத்தில் முன்னும் பின்னும் தாமாகவே சமரசம் செய்துகொள்ளும். விடாப்பிடியான இரண்டு கட்டுப்பாடுகளோ வளைந்துகொடுக்காது, ஒன்று தள்ள மற்றது தடுக்க, ஷாஃப்டால் கட்டிய ஒற்றை மோட்டார் வண்டி மாதிரியே ஆகிவிடும். அதனால் இரண்டு மோட்டார் வண்டி கட்டும் புதியவருக்கு நான் இன்றும் சொல்வது 45டி அல்லது 55டி பிரஷ் மோட்டார் இரண்டுதான். விலையும் குறைவு, தண்ணீரிலும் சேற்றிலும் கெட்டாலும் மனது வலிக்காது.

கடைசியாக ஃபெயில்சேஃப். ரிமோட் சிக்னல் அறுந்தால் ரிசீவர் என்ன செய்ய வேண்டும் என்பதை எல்லோரும் 2-ஆம் சேனலுக்கு மட்டும் அமைத்துவிட்டு 3-ஐ மறந்துவிடுவார்கள். சில ரிசீவர்கள் அமைக்கப்படாத சேனலில் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். சிக்னல் போனதும் முன் ஆக்சில் நின்றுவிடும், பின் ஆக்சில் வண்டியைப் பாறை உச்சியிலிருந்து தள்ளிக்கொண்டே போகும். இரண்டு சேனலுக்கும் நடுநிலையை ஃபெயில்சேஃப் ஆக வையுங்கள். வைத்துவிட்டு, வண்டி டப்பா மேல் இருக்கும்போதே த்ராட்டிலைப் பாதி அழுத்தியபடி ரிமோட்டை அணையுங்கள், நான்கு சக்கரமும் நிற்க வேண்டும். டிக் சுவிட்சின் மூன்று நிலைகளிலும் இதைச் செய்து பார்த்துவிட்டுப் பாறைக்குக் கிளம்புங்கள்.